வெள்ளை ஜீப்பும் மிளகுக் கன்றுகளும்

மாவனல்லையில் என்னை ஏற்றிக்கொள்ள வந்த நசீர், என் பெட்டியைத் தூக்கி வெள்ளை ஜீப்பின் பின்பக்கம் வைத்துவிட்டு, "என்ன மிஸ், இரத்தினபுரிக்கே கல்லு கொண்டு போறீங்களா?" என்று கேட்டார். இரத்தினக்கல் தோண்டுகிற ஊருக்குக் கல் சுமந்து போகிறேன் என்ற கேலி எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெட்டிக்குள் இருந்தவை கவாத்துக் கத்தரிகள். எங்கள் ஊர்ப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கியவை, அதனால் கனம் அதிகம்.

நான் திண்டுக்கல் பக்கம் தாண்டிக்குடி மலையில் காப்பியும் மிளகும் போடுகிறவள். கொடியாக மரமேறாமல் பையிலேயே புதராக நின்று காய்க்கிற மிளகுக் கன்றுகளை உண்டாக்கி விற்பது என் தொழில். இலங்கையின் சபரகமுவை மாகாணத்தில் விவசாயத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்காக ஓர் உதவித் திட்டம் நடக்கிறது. தேர்வாகிறவர்களுக்கு நிழல்வலை, பாசனக் குழாய், பயிற்சி, வங்கிக்குச் சிபாரிசு எல்லாம் கிடைக்கும். அவர்களுக்குக் கைபேசி வழியாகச் சில மாதங்கள் மிளகுப் பாடம் நடத்தியிருந்தேன். கடைசியில் நேரில் போய்ப் பார்த்து மதிப்பெண் போடவும் என்னையே கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக்காரி யாருக்கும் சொந்தக்காரியாக இருக்கமாட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோபம் வந்தால் உடனே கையெழுத்துப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவேன். கூட்டுறவுச் சங்கப் பதவியை அப்படித்தான் விட்டேன். அண்ணனோடு பேச்சு முறிந்ததும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனது இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு.

முதல் நாள் காலை நசீர் தனக்குப் பழக்கமான கடையில் நிறுத்தினார். தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த ரொட்டியும், கண்ணில் தண்ணீர் வரவைக்கும் கட்டைச் சம்பலும் வந்தன. எங்கள் ஊரில் ரொட்டி என்றால் மெத்தென்று இருக்கவேண்டும், இங்கே பல்லுக்கு வேலை கொடுக்கிறது. பால் இல்லாத தேநீரில் சர்க்கரையும் இல்லை. பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வைத்தார்கள். "கடிச்சிக் கடிச்சிக் குடிங்க மிஸ்," என்றார் நசீர். நான் அவரை பாய் என்று கூப்பிட்டேன். "இங்க பாய்ன்னு சொன்னா ஆரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. நானான்னு சொல்லுங்க," என்று திருத்தினார். அன்றிலிருந்து அவர் எனக்கு நசீர் நானா.

கேகாலையில் திலகா ஏறிக்கொண்டார். திட்டத்தின் அதிகாரி, நாற்பது வயதிருக்கும், ஒரு கையில் குடையும் மறு கையில் டேபும் வைத்திருந்தார். மதிப்பெண் தாள் அந்த டேபுக்குள் இருந்தது. நாங்கள் இருவரும் விரலால் கையெழுத்திட்டால்தான் ஒருவருடைய தாள் முடியும். அவருக்குச் சிங்களம், எனக்குத் தமிழ், நடுவில் நசீர் நானா. அவருடைய மொழிபெயர்ப்பில் அவருடைய அபிப்பிராயமும் கொஞ்சம் கலந்து வரும் என்பதை மதியத்துக்குள் தெரிந்துகொண்டேன்.

அன்று முழுவதும் கரவனெல்லைப் பக்கம் சுற்றினோம். இருபுறமும் ரப்பர் மரங்கள், காற்றில் புளித்த ரப்பர் வாசம். ஓர் இளைஞன் காளான் வளர்க்கிறான், இன்னொருத்தி அந்தூரியம் பூ போடுகிறாள். இருவர் வீட்டிலும் நாங்கள் உட்காருவதற்கு முன்பே பிளாஸ்டிக் உறைக்குள் காணி உறுதி, நம் ஊரில் நிலப் பத்திரம் என்போமே அது, மேசைக்கு வந்துவிட்டது. மதிப்பெண் தாளின் முதல் கேள்வியே அதுதான்: காணி உறுதி, அல்லது குத்தகைப் பத்திரம், அல்லது காணிக்குச் சொந்தக்காரரின் கடிதம். அது இல்லையென்றால் மற்ற எதில் எவ்வளவு வாங்கினாலும் தேறமுடியாது.

திரும்பும் வழியில் திலகா ஏதோ சொன்னார். "தோட்டத்துப் புள்ளைகளுக்கு இந்த மொதல் கேள்விதான் கஷ்டம்னு சொல்றாங்க," என்றார் நசீர் நானா. நான் அப்போது ஜன்னல் வழியாக, மரங்களில் மழை படாமல் பால்வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கன்னியாகுமரியில் கட்டுவதுபோலவே இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

எனக்கு மறுநாளைப் பற்றித்தான் நினைப்பு. மறுநாள் நிரோஷாவைப் பார்க்கப் போகிறோம்.

நிரோஷாவுக்கு இருபத்து நான்கு வயது. ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அம்மாவோடு இருக்கிறாள். கொழும்பில் துணிக்கடையில் இரண்டு வருடம் நின்றுவிட்டு, இனி அங்கே போகமாட்டேன் என்று திரும்பியவள். என் பாடத்தில் மற்றவர்கள் எல்லாம் கைபேசியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். அவள் மட்டும் கேள்வி மேல் கேள்வி கேட்பாள். குரல் பதிவாக அனுப்புவாள், பின்னணியில் சேவல் கூவும். சில கேள்விகள் விசித்திரமாக இருக்கும். "மிஸ், கண்டு பைய எவ்வளவு பாரம் கொறைக்கலாம்?" என்று ஒருநாள் கேட்டாள். "மிஸ், இந்தக் கண்டு இருட்டுல எத்தன மணித்தியாலம் தாங்கும்?" என்று இன்னொரு நாள். கன்றை யாராவது இருட்டில் வைப்பார்களா என்று சிரித்துக்கொண்டே, இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் ஆகாது என்று பதில் அனுப்பினேன்.

அவளுடைய நாற்றங்காலின் படங்களும் அனுப்பியிருந்தாள். வரிசை வரிசையாகப் பளபளவென்ற இலைகள். இந்தத் திட்டம் கிடைத்தால் கொழும்புக்குத் திரும்பவேண்டியதில்லை, கிடைக்காவிட்டால் தைப்பொங்கல் முடிந்து துணிக்கடைதான் என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணம் எனக்குள் தங்கிவிட்டது. பெற்ற பிள்ளையின் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தேன் என்றே சொல்லலாம்.

இரண்டாம் நாள் காலை பெல்மதுளையில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளுடைய குரல் வந்தது. "மிஸ், எட்டு மணிக்குச் சந்தியில நிப்பேன். நான் முன்னுக்கு நடந்து வழி காட்டுறேன். நான் இல்லாம மேல போயிராதீங்க." உபசாரத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். விருந்தாளியை வாசலில் நின்று கூட்டிப்போவது நம் வழக்கம்தானே.

ஓப்பநாயக்க தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இல்லை. இரவு பெய்த மழையில் மேட்டிலிருந்து மண் இறங்கி, ஒரு பலா மரத்தோடு சேர்ந்து நடுரோட்டில் உட்கார்ந்திருந்தது. மண்வெட்டியோடு நாலைந்து பேர் நின்று, அதை அள்ளுவதா அப்படியே விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். "இதால போக ஏலாது மிஸ். பகலுக்கும் சரிவராது," என்றார் நசீர் நானா. நிரோஷாவுக்குப் போன் செய்தால் சிக்னல் இல்லை. தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் சுற்றிப்போனால் மேல் வாசலால் தோட்டத்துக்குள் இறங்கலாம் என்று ஓர் ஆட்டோக்காரர் சொன்னார். திலகா நேரத்தைப் பார்த்தார். அன்று இன்னும் இரண்டு இடம் போகவேண்டியிருந்தது. மேலே போய்விடலாம், அவள் எப்படியும் வந்துவிடுவாள் என்று நான்தான் சொன்னேன்.

தோட்டப் பாதை ஆற்றுப்படுகை மாதிரிக் கல்லாகக் கிடந்தது. ஜீப் முனகிக்கொண்டு ஏறியது. ஒரு வளைவில் திரும்பியதும், மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வாயருகே கை குவித்து "ஹூ" என்று நீளமாகக் கூவினாள். அது அடங்குவதற்குள் அடுத்த மலையிலிருந்து இன்னொரு "ஹூ". அப்புறம் அதற்கும் கீழே, தூரத்தில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விருந்தாளி வருகிறாள் என்று மலைக்கு மலை சொல்லியனுப்புகிறார்கள் என்று எண்ணி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினேன். யாரும் திரும்ப ஆட்டவில்லை.

லயம் நீளமாக ஒரே கூரையின் கீழ் ஆறு வாசலோடு இருந்தது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மட்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிரோஷாவின் நாற்றங்கால் எங்கே என்று கேட்டேன்.

"அப்புடி ஒண்ணும் இங்க இல்லீங்க," என்றார் அவர், பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மிளகுக் கன்று வைத்திருக்கிறாளே?"

"நாங்க ஒண்ணும் நடலீங்க. யாரும் நடலீங்க."

திலகா சிங்களத்தில் கேட்டார். அந்தப் பெண் சரளமான சிங்களத்தில் அதே பதிலைச் சொன்னார். லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். படத்தில் பார்த்த பந்தல் அதேதான். பச்சை வலை, மூங்கில் கால்கள். அடியில் ஈர மண், அதில் வட்ட வட்டமாகத் தடங்கள். ஒரு கன்றுகூட இல்லை.

அந்த வட்டங்களை நான் பார்த்தேன். இருபது வருடமாகப் பையில் கன்று வளர்க்கிறவள், பை நின்ற இடத்தில் மண் எப்படிப் பதியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்று கோபம் கண்ணை மறைத்தது. படங்களை எங்கிருந்தோ எடுத்து அனுப்பியிருக்கிறாள், என்னை முட்டாளாக்கிவிட்டாள் என்று தோன்றிவிட்டது. திலகா டேபை நீட்டி, கொஞ்சம் காத்திருக்கலாமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். நாற்றங்கால் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டு, விரலால் கையெழுத்தைக் கிறுக்கினேன். திலகாவும் தயங்கியபடி தன் கையெழுத்தை இட்டார். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொல்வது சும்மா இல்லை.

கீழே ஓப்பநாயக்கவில் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். மீன் பணிஸ் என்கிற மீன் அடைத்த பன் ஒன்றைப் பிட்டு வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது முழுக்க நனைந்து, முழங்கால்வரை சேற்றோடு ஒரு பெண் படியேறி வந்தாள். கைபேசியில் பார்த்த முகம். மண்சரிவுக்கு அந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, நாங்கள் வழியில் மாட்டிக்கொண்டோம் என்று தேடி நடந்து வந்திருக்கிறாள்.

"மிஸ்! மண்ணு சரிஞ்சதுல பயந்துட்டேன். வாங்க, போவோமா?"

"போய்விட்டு வந்துவிட்டோம்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "உன் கன்றுகள் எங்கே நிரோஷா?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "ஜீப்புலயா போனீங்க? நான் இல்லாமயா?"

"ஆமாம்."

"அனே மிஸ்…" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒளிச்சிருப்பாங்க. எல்லாத்தையும் தூக்கி ஒளிச்சிருப்பாங்க."

அவள் சொன்னதை நசீர் நானா திலகாவுக்கு வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னார். அன்று அவர் தன் அபிப்பிராயம் எதையும் சேர்க்கவில்லை. போன வருடம் அவள் லயத்துக்குப் பின்னால் நின்ற கிளிசீரியா மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தாள். தோட்டத்தில் கீரை போடலாம், போஞ்சி போடலாம், பல வருடம் நிற்கிற பயிர் மட்டும் வைக்கக்கூடாது. அது எழுதாத சட்டம். தோட்ட நிர்வாகத்தின் வெள்ளை ஜீப்பில் ஆட்கள் வந்து கொடிகளை வேரோடு பிடுங்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டார்கள்.

"அதுக்குப் பொறகுதான் மிஸ் ஒங்க பாடத்துல சேந்தேன். பையில வச்சா நட்டதுன்னு சொல்லேலாதுதானே. ஆனாலும் பயம். வெள்ள ஜீப்பக் கண்டா மலையில இருக்கிறவங்க ஹூ சொல்லணும், லயத்துல இருக்கிறவங்க கண்ட உள்ளுக்குத் தூக்கணும்னு நாந்தான் சொல்லி வச்சேன். நாந்தான் எல்லாருக்கும் பழக்குனேன்." அவள் நெற்றியில் கையால் அடித்துக்கொண்டாள். "இன்னைக்கி நான் முன்னுக்கு நடந்து வந்தா, அது நம்ம ஜீப்புன்னு சொல்லியிருந்தேன். நீங்க தனியா வந்தா என்ன செய்யிறதுன்னு சொல்லல."

பாரம் குறைந்த பை, இருட்டில் எத்தனை மணித்தியாலம். நான் சிரித்த கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபத்தில் போட்ட கையெழுத்து திலகாவின் மடியில் கிடந்தது. தாள் மறுநாள் மாலை ஐந்து மணிக்குத்தான் மேலே போகும், அதற்குள் இருவரும் கையெழுத்திட்டால் திருத்தலாம் என்று திலகா சொன்னார். சொல்லிவிட்டு அவரே எழுந்து குடையை விரித்தார்.

இந்தமுறை மேல் வாசலிலிருந்து நிரோஷா ஜீப்புக்கு முன்னால் நடந்தாள். நசீர் நானா முதல் கியரிலேயே அவள் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். மழை விழுந்துகொண்டிருந்தது. ஏறிக்கொள் என்றால் கேட்கவில்லை. மலையில் யாரும் கூவவில்லை.

லயத்துக் கதவுகள் திறந்தன. ஆறு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில், அடுப்படியில், அரிசிச் சாக்குகளுக்கு நடுவில், ஒரு வீட்டில் தொட்டிலுக்குக் கீழே, எங்கு பார்த்தாலும் மிளகுக் கன்றுகள். குழாயடியில் பொய் சொன்ன பெண், பாக்கியம் அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், இரண்டு கையிலும் பைகளோடு என் முன்னால் வந்து நின்றார். "நாந்தான் கெடுத்துட்டேன் போலிருக்கு. மன்னிச்சிருங்க மிஸ்," என்றார். அவர் கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியது நான் என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் கன்றுகளை வெளியே கொண்டுவந்து ஒவ்வொன்றையும் அதனதன் வட்டத்தில் வைத்தார்கள். எது எங்கே என்று பெண்களுக்கு மனப்பாடமாக இருந்தது. நான் ஒரு பையைக் கவிழ்த்து வேரைப் பார்த்தேன். மண்ணுக்குப் பதில் பெரும்பகுதி தேங்காய்த் தும்புத் தூளும் மக்கிய இலையும். வெள்ளை வெளேரென்று வேர் சுற்றியிருந்தது. என் நாற்றங்காலில் ஒரு பையைத் தூக்க ஆண்பிள்ளைகளே முனகுவார்கள். இங்கே ஒரு கைக்கு மூன்று பை போகிறது. நான் கற்றுக்கொடுத்ததைவிட நல்ல கன்றுகள் அவை. அதைச் சத்தமாகச் சொன்னேன், நசீர் நானா அதை இரண்டு மடங்காக்கித் திலகாவுக்குச் சொன்னார்.

ஆனால் முதல் கேள்வி அப்படியே நின்றது. காணி யாருடையது?

அன்று பார்க்கவேண்டிய மற்ற இரண்டு இடத்துக்கும் மறுநாள் காலை வருவதாகத் தகவல் சொல்லிவிட்டு, நானும் திலகாவும் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனோம். தோட்ட மேலாளரை அங்கே பெரியதுரை என்பார்கள், அந்தப் பெயரைக் கேட்டதும் நரைத்த மீசையோடு ஒருவரை எதிர்பார்த்தேன். நாற்பதைத் தொடாத சிங்கள இளைஞர், மரியாதையாக எழுந்து நின்றார், எனக்கும் புரியும்படி எளிய ஆங்கிலத்தில் பேசினார். மெல்லிய பீங்கான் கோப்பையில் வந்த தேநீர் நான் அந்த ஊரில் குடித்ததிலேயே உயர்ந்தது. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்களின் அடுப்படியில் மட்டமான தூள்தேநீர்தான் இருந்தது.

"காய்கறி போடட்டும், நானே விதை தருகிறேன்," என்றார் துரை. "மிளகு நிரந்தரப் பயிர். இன்றைக்குப் பயிர் என்பார்கள், நாளைக்கு நிலமும் எங்களுடையது என்பார்கள். கம்பெனிக்கு நான் பதில் சொல்லவேண்டும்."

"நிலத்தில் எதுவும் நடவில்லை. எல்லாம் பையில் இருக்கிறது," என்றேன்.

"நான் போகும்போது அங்கே ஒன்றும் இருந்ததில்லையே," என்றார் அவர், உண்மையிலேயே குழம்பி.

திலகா தாழ்ந்த குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "நாளைக்கு மூணு மணிக்கு வந்து ஒங்க கண்ணால பாருங்க, பாத்த பொறகும் ஏலாதுன்னா நான் கேக்கமாட்டேன்னு சொன்னாங்களாம்," என்றார் நசீர் நானா. வருவதாகத் துரை ஒப்புக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வேலையை அவசரமாக முடித்துக்கொண்டு இரண்டரை மணிக்கு லயத்துக்கு வந்தோம். அன்று மழை இல்லை. பின்பக்கப் பந்தலைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஒன்றும் செய்யாமல் இருப்பது. அது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. ஒருவர் சேலைத் தலைப்பை முறுக்கினார், ஒருவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். நிரோஷா தான் உடுத்தியிருந்த நல்ல சட்டையை நாலு தடவை இழுத்துவிட்டாள். துரை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அகற்றச் சொன்னால் இத்தனை மாத உழைப்பும் பள்ளத்துக்குத்தான் போகும். ஒளித்தே வைத்திருந்தால் கன்றாவது மிஞ்சியிருக்கும். பார்க்கக் கூப்பிட்டது சரிதானா என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேல் மலையில் "ஹூ" என்றது. அடுத்த மலையில் "ஹூ".

பாக்கியம் அக்காவின் கைகள் தாமாகக் குனிந்து ஒரே பிடியில் நாலு பைகளைத் தூக்கிவிட்டன. வாசலை நோக்கி இரண்டடியும் வைத்துவிட்டார்.

"வைங்கக்கா," என்றாள் நிரோஷா.

"ஜீப்பு வருதுடி."

"தெரியும். வைங்க."

அவர் திரும்பி வந்து, ஒவ்வொன்றாக, வட்டம் பார்த்து வைத்தார். ஜீப் வந்து நின்றது.

துரை பந்தலுக்குள் வந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். தினம் போகிற பாதைக்குப் பக்கத்தில் இவ்வளவு இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சிங்களத்தில் கேள்வி கேட்டார், நிரோஷா சிங்களத்திலேயே நிமிர்ந்து பதில் சொன்னாள். எங்கே விற்பாய், எப்போது காய்க்கும், தண்ணீர் எங்கிருந்து. பிறகு குனிந்து ஒரு பையைத் தூக்கினார். கனமாக இருக்கும் என்று நினைத்து இழுத்தவர் கை சட்டென்று மேலே வந்துவிட்டது. ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று கேட்டார்.

அவள் சொன்னதை நசீர் நானா என் காதில் சொன்னார்: "ஐயாட ஜீப்பு வந்தா தூக்கிக்கிட்டு ஓடத்தான், என்கிறா."

துரை அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு, எந்த வட்டம் என்று தேடி, அதில் வைத்தார்.

அலுவலகத்தில் கடிதம் தட்டச்சாகி வந்தபோது மணி நாலரை. தற்காலிக நாற்றங்காலுக்கு ஒரு வருட அனுமதி. நிலத்தில் எதுவும் நடக்கூடாது. நிர்வாகம் கேட்டால் ஒரு நாளில் எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். எனக்கு மறுபடியும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஒரு நாள் என்ன ஒரு நாள், இவர்கள் குடும்பங்கள் இந்த மலைக்கு வந்து எத்தனை தலைமுறை என்று வாயைத் திறந்தேன். நிரோஷா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். வெளியே வந்ததும் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தாள்.

"பரவால்ல மிஸ். ஒரு நாள் எதுக்கு? அரை மணித்தியாலம் போதும் எங்களுக்கு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜீப்பின் முன்பக்கத்தில் டேபை வைத்துத் தாளைத் திருத்தினோம். மதிப்பெண்ணை மாற்றுவதற்குக் காரணம் கேட்டது. மண்சரிவு, தகவல் குழப்பம் என்று எழுதலாம் என்றார் திலகா. வேண்டாம் என்று சொல்லி, "முதல் தடவை நான் சரியாகப் பார்க்கவில்லை" என்று தமிழில் எழுதினேன். அதற்குக் கீழே மெதுவாகக் கையெழுத்திட்டேன், திலகாவும் இட்டார். ஐந்துக்கு முன் தாள் போய்விட்டது. புறப்படும்போது பெட்டியிலிருந்து ஒரு கத்தரியை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் பாரம் மிஸ்," என்றாள்.

தாண்டிக்குடிக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்த வேலை பீரோவைத் திறந்து என் ஒன்றரை ஏக்கரின் பட்டாவை எடுத்துப் பார்த்தது. வரி கட்டும்போது தவிர அதை நான் தேடியதே இல்லை. அதன் மேல் என் பெயர் இருந்தது. நடு வீட்டில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

நிரோஷா தேர்வாகிவிட்டாள். நிழல்வலை வந்து இறங்கிய படத்தை அனுப்பினாள். போன வாரம் அவளுடைய குரல் வந்தது. எப்போதும்போல் பின்னால் சேவல் கூவியது. அதற்கும் பின்னால், மலையிலிருந்து நீளமாக அந்த "ஹூ".

"மிஸ், கேக்குதா? ஜீப்பு ஒண்ணு போகுது. கண்டு எல்லாம் வெளியதான் இருக்கு. யாரும் தூக்கல." இஞ்சின் சத்தம் நெருங்கி வந்து, அப்புறம் தேய்ந்து போனது. "ஆனா எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க மிஸ்."